குறுக்கு வழி தெரிந்தவர்

துடைப்பம் வாங்குவதற்காக அடித்து வைத்திருந்த ஆர்டர் திரையிலிருந்து மாயமாய் மறைந்துபோனது. கொள்முதல் பிரிவில் எல்லோரும் ‘நிதானம் சார்’ என்று கூப்பிடும் மனிதர் முதலில் தன் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பிறகு திரையைத் துடைத்துப் பார்த்தார். துடைப்பம் வரவில்லை.

எல்லாம் புது சிஸ்டம் வந்த வினை. கம்பெனி முழுக்கப் பழையதைக் கழற்றிவிட்டு, தலை முதல் கால் வரை தமிழிலேயே இருக்கிற புதியதைப் போட்டுவிட்டார்கள். பழையதில் எது எங்கே இருக்கும் என்று அவர் விரலுக்கே தெரியும். புதியதில் எதுவுமே வைத்த இடத்தில் இல்லை.

போதாக்குறைக்கு, தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து ஒவ்வொருவரையும் சோதிக்கப் போகிறார்களாம். தேறாதவர்களுக்குக் கிடங்கில் மூட்டை எண்ணுகிற வேலையாம். நிதானம் சாருக்குத் தூசி ஆகவே ஆகாது. கிடங்கு என்று யாராவது சொன்னாலே தும்முவார். நாற்காலி போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

துடைப்பத்தை மீட்கலாம் என்று கைக்கு வந்த இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்தினார். திரை தலைகீழாகக் கவிழ்ந்தது. அதை நிமிர்த்துவதற்காக வேறு இரண்டை அழுத்தினார். திரை கவிழ்ந்தபடியே இருக்க, உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. அவர் மவுஸை நகர்த்துகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் அது உரக்கப் படித்தது. அந்த நேரம் பார்த்துத்தானா மேனேஜர் அந்தப் பக்கம் வரவேண்டும்?

“குப்பைத்தொட்டி. காலியாக உள்ளது” என்றது கம்ப்யூட்டர்.

மேனேஜர் நின்றார். நிதானம் சாரைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

பக்கத்து மேசையில் ரசீது பார்க்கும் பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள். இரண்டே தட்டு, குரல் அடங்கியது. இன்னொரு தட்டு, திரை நிமிர்ந்தது. துடைப்பமும் வந்து சேர்ந்தது.

“நீங்க எல்லாத்துக்கும் மெனுவுக்குள்ள போய்ச் சுத்திச் சுத்தி வர்றீங்க சார். அதான் தொலைஞ்சு போறீங்க. குறுக்கு வழியைக் கத்துக்கிட்டா ஒரு தொல்லையும் இல்ல.”

புது சிஸ்டத்தில் ஷார்ட்கட்டுக்கு அதுதான் பெயர். முதலில் அதைப் படித்துச் சிரித்த ஆபீஸ், இப்போது பேச்சிலும் அதையே சொல்லப் பழகிவிட்டிருந்தது.

அன்றிலிருந்து நிதானம் சார் ஆளே மாறிப்போனார். நகலெடுக்க ஒன்று, ஒட்ட ஒன்று, செய்ததைச் செய்யாததாக்க ஒன்று என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் விரல்கள் தாளம் போட்டன. அவர் மனைவிக்கு அது நரம்புத் தளர்ச்சியோ என்று சந்தேகம் வந்து, டாக்டரிடம் போகலாமா என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. கடைசியில் மேனேஜரே ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, தனக்கும் சொல்லித்தரச் சொன்னார்.

எதிர்பார்த்த நாளும் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒல்லியான மனிதர் நேராக நிதானம் சாரின் மேசைக்கு வந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நிதானம் சார் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“உங்க பிரிவுல வேலை எல்லாம் எப்படி நடக்குது?” என்று மெல்லிய குரலில் கேட்டார் அவர்.

“எல்லாமே குறுக்கு வழிதான் சார்” என்றார் நிதானம் சார், மூச்சுவிடாமல்.

வந்தவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். “எல்லாமேவா?”

“ஒண்ணு விடாம. நேர் வழியில போனா ஒரு ஆர்டர் போடறதுக்குள்ள பொழுது சாய்ஞ்சிடும் சார்.”

“இதையெல்லாம் யார் பழக்கினது?”

“பக்கத்து சீட் பொண்ணுதான். ஆரம்பத்துல கை நடுங்கும். இப்ப கண்ணை மூடிக்கிட்டே செய்வேன்.”

“தப்பா ஏதாவது ஆயிட்டா?”

“ரெண்டு விரல் போதும் சார். நடந்த சுவடே தெரியாம அழிச்சிடலாம்” என்றார் நிதானம் சார். அவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. “யாராவது திடீர்னு வந்து நின்னாக்கூட ஒரே தட்டுல எல்லாத்தையும் மறைக்கலாம்.”

வந்தவர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துவிட்டு, இது மேனேஜருக்குத் தெரியுமா என்று விசாரித்தார்.

“அவருக்கே நான்தான் சார் சொல்லிக் கொடுத்தேன். இப்ப என்னைவிட வேகம். வேணும்னா உங்க கண்ணு முன்னாடியே ஒண்ணு செஞ்சு காட்டட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்” என்று அவசரமாக எழுந்தார் அவர். இவ்வளவு வெளிப்படையாகப் பேசுகிற ஒருவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததே இல்லை என்றார். சீக்கிரமே தலைமை அலுவலகத்திலிருந்து நேரில் கூப்பிடுவார்கள் என்றும், மேனேஜரையும் அந்தப் பெண்ணையும் கூடவே அழைத்து வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியேறினார்.

நிதானம் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. கிடங்காவது, மூட்டையாவது. தலைமை அலுவலகத்திலேயே கூப்பிட்டுப் பாராட்டப் போகிறார்கள். மனைவிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று போனில் கை வைத்தார். அதற்குள் அதுவே மணியடித்தது. வரவேற்பறைப் பெண்தான் பேசினாள்.

“சார், கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுக்கிற மேடம் இப்பத்தான் வந்திருக்காங்க, உங்ககிட்ட அனுப்பட்டுமா? கொள்முதல்ல யாரோ கமிஷன் அடிக்கிறாங்கன்னு விசாரிக்க வந்த சார், வேலை சுலபமா முடிஞ்சிடுச்சுன்னு இப்பத்தான் கிளம்பிப் போறார்.”