பிரசவ வார்டை இடித்த சேர்மன்

உலகத்தையே ஒருமுறை இடித்துவிட்டுச் சரியாகக் கட்டவேண்டும் என்று நினைத்த ஒரே மனிதரை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்மனாக்கியது. அந்த மகானுக்குக் குமாஸ்தாவாக இருந்த பாவி நான்.

அவருடைய பெயர் ரிஜிஸ்தரில் இருந்தது. யார் வாயிலும் இல்லை. ‘பிளான்’ என்றால்தான் தெரியும். வீடுகளுக்குப் படம் வரைந்து, கூடவே நின்று கட்டிக் கொடுப்பது தொழில். வரையத் தாள் கிடைக்கிறவரை பொறுக்கமாட்டார். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பஞ்சு வியாபாரி ஒருவர் புது வீட்டுப் பேச்சை எடுக்க, பிளான் சாம்பாரைத் தொட்டு இலையிலேயே வீட்டை வரைந்துவிட்டார். வியாபாரி பயபக்தியோடு இலையை எடுத்துப் போனார். வழியில் ஓர் ஆடு அதன் ஓரத்தைத் தின்றுவிட்டது. அந்த வீட்டுக்கு இன்றுவரை மாடிப்படி கிடையாது, ஏணிதான்.

என் கோட்டின் முதுகில் ஒருமுறை கரிக்கட்டியால் சந்தைக் கட்டடம் வரைந்தார். ஒரு மாதம் அதைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு அலைந்தேன். அதற்கு முன்பும் துவைத்ததில்லை. இப்போது காரணம் கிடைத்தது.

சேர்மனானதும், வாய்க்கால்மேல் படி கட்டியிருந்த கடைக்காரர்களுக்கெல்லாம் நோட்டீஸ் விட்டார். பாதிப் படிகள் அவரே கட்டிக் கொடுத்தவை.

“நீருதான வே கட்டுனீரு?” என்று சண்டைக்கு வந்தார் ஒரு கடைக்காரர்.

“அன்னைக்கு நீரு சொன்னீரு, கட்டுனேன். இன்னைக்கு நான் சொல்லுதேன், இடியும்.”

இதெல்லாம் சில்லறை. பெரிய இடி பிறகு வந்தது.

சேர்மனாவதற்குச் சற்று முன்புதான் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கட்டி முடித்திருந்தார். திறந்து வைக்கக் கலெக்டர் துரை வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் பிளான் என்னையும் துணைச் சேர்மன் ராவுத்தரையும் கூட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்கப் போனார். மேற்குச் சுவரில் பூச்சு பெயர்ந்த ஓரிடத்தைச் சாவியால் சுரண்டினார். செங்கல்லுக்கு நடுவிலிருந்த காரை பொரிமாவாக உதிர்ந்தது.

அது ஆடித் தேர் சமயத்தில் எழுப்பிய சுவர். தேர் என்றால் எங்கள் ஊரில் கரண்டியைப் போட்டுவிட்டு வடத்தைப் பிடிக்க ஓடுவோம். கொத்தனாரும் சித்தாளும் ஓடினார்கள்; அவர்களுக்கு முன்னால் பிளான் ஓடினார். நானும் வடத்தைப் பிடித்தேன். நான் தேரை இழுத்தேனா, வடம் என்னை இழுத்ததா என்பதை என் முழங்கால்தான் சொல்லவேண்டும். தேர் நிலைக்கு வந்து சேரப் பல நாள் ஆயிற்று. அதற்குள் குழியில் அரைத்து வைத்த சுண்ணாம்புக் காரை இறுகிவிட்டது. ஒருமுறை இறுகிய காரை மறுபடி கல்லைப் பிடிக்காது. திரும்பி வந்தவர்கள் அதையே உடைத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்துச் சுவரை எழுப்பினார்கள். களைப்பிலிருந்த பிளானும் ‘சரி’ என்றுவிட்டார்.

அரிசி மண்டி ராவுத்தர் நல்ல மனிதர். பிளானின் காதோரம் குனிந்தார்.

“அண்ணாச்சி, இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். தொர வந்து தொறந்துட்டுப் போகட்டும். பொறவு மெதுவாப் பூசிக்கிடலாம். வெளிய தெரிஞ்சா ஒங்க பேரும் போயிரும், சேர்மன் வேலையும் போயிரும்.”

“பேரப் பூசி மெழுகிக்கிடலாம் ராவுத்தரே. பிள்ளத்தாச்சி தலையில செவரு விழுந்தா எதக் கொண்டு பூசுவீரு?”

மறுநாள் மேளதாளத்தோடு துரை வந்தார். வாசலில் பிளான் நின்றார். கையில் மாலை இல்லை, கடப்பாரை. மொழிபெயர்க்க நான். என்னுடையது மெட்ரிகுலேஷனில் மூன்று தடவை விழுந்த இங்கிலீஷ். காரை, தேர், தாயும் சேயும், தன்னுடைய புத்திகெட்டத்தனம் என்று கால் மணி நேரம் பிளான் பேசினார். நான் சொன்னேன்: “வால் பேட், சார்.”

கட்டியது யார் என்று துரை கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் பிளான் தன் நெஞ்சில் அறைந்து காட்டினார்.

துரையின் முகம் சிவந்தது. வழியை விடாவிட்டால் நாற்காலி பறிபோகும் என்றார்.

“தொர கொஞ்சம் வருத்தப்படுதாக, ஐயா,” என்று மொழிபெயர்த்தேன்.

“ஏலே, எனக்கு இங்கிலீசு தெரியாது. மூஞ்சி தெரியும். நாற்காலிய எடுத்துக்கிடச் சொல்லு. இந்தச் செவர நிக்க விடமாட்டேன்!”

கடப்பாரை ஓங்கியது. வெல்லத்தில் இறங்குவதுபோல் இறங்கியது. நாலாவது குத்தில் சுவரில் பாதி சரிந்து, துரையின் தொப்பி வெள்ளையாயிற்று. துரை அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தார். தனக்குப் போட்டிருந்த நாற்காலியைப் பத்தடி தள்ளிப் போடச் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லை மட்டும் மாற்றவில்லை. அடுத்த வாரமே பிளானை நீக்கி உத்தரவு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து பிளான் சொந்தச் செலவில் அந்தச் சுவரை மறுபடி எழுப்ப ஆரம்பித்தார். ஒரு நாள் அந்த வழியாகப் போனேன். முழங்கால்வரை சுண்ணாம்போடு சாரத்தில் நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டேன்.

“வாரேன், சேர்மன் ஐயா.”

“ஏலே, நான் சேர்மன் இல்லன்னுதான் உத்தரவு வந்துட்டுல்லா?”

அந்த உத்தரவை மூன்று நகல் எடுத்தவனே நான்தான்.

“எனக்கு இன்னும் வரலியே, ஐயா,” என்றேன்.

முப்பது வருஷமாகிறது. இன்னும் வரவில்லை.