எதிர்வீட்டுக்குப் போன அன்னாசிப்பழம்

தோ பாயோ,
சிங்கப்பூர்.

மூவாரில் இருக்கும் மதிப்பிற்குரிய பெரிய மச்சான் தியோ குவான் லிம் அவர்களுக்கு,

தங்கள் தங்கை வீட்டுக்காரன் கோ செங் ஹாக் பணிவுடன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்து, கோழிகள் பெருகியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். தங்கள் தங்கை சியோக் லானும் நலம்தான், ஆனால் என்னிடம் அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

ஐந்தறை வீட்டை விட்டுவிட்டு இந்த ஈரறை வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. சின்ன வீட்டின் அருமை தெரியாமலே இத்தனை காலம் கழித்துவிட்டேனே, மச்சான்! தொலைந்த மூக்குக்கண்ணாடி உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணில் படுகிறது. கூட்ட ஆரம்பித்தால் தேநீர் ஆறுவதற்குள் கூட்டி முடித்துவிடலாம். பழைய வீட்டில் சண்டை வந்தால் உங்கள் தங்கை ஏதாவது ஓர் அறைக்குள் போய்விடுவாள், சமாதானம் பேச நான் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். இப்போது அவள் கோபித்துக்கொண்டு போவதற்கு இடமே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருகிறாள், அவ்வளவுதான்.

கோபம் எதனால் என்று கேட்பீர்கள். எல்லாம் அன்னாசிப்பழத்தால். புது வீட்டுக்குள் அன்னாசிப்பழத்தை உருட்டிவிட்டால் அதிர்ஷ்டமும் கூடவே உருண்டு வரும் என்ற நம் முறைப்படி, குடிவந்த அன்று நான்தான் வாசலில் நின்று, "ஹுவாட் ஆ! அதிர்ஷ்டம் உள்ளே வா!" என்று கத்திக்கொண்டே பழத்தை உருட்டினேன். முப்பது வருஷம் பெரிய வீட்டில் இருந்த கை, மச்சான், அந்த வேகத்திலேயே உருட்டிவிட்டது. பழம் பாய்ந்து போய், பிரிக்காமல் நிறுத்தியிருந்த குளிர்ப்பெட்டியில் முட்டி, திரும்பி, உங்கள் தங்கையின் கால்களுக்கு நடுவே புகுந்து, வாசலைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, திறந்திருந்த எதிர்வீட்டுக்குள் போய்விட்டது. அந்த வீட்டு ரொஹாயா, தனியாக இருக்கும் மலாய்க்காரப் பெண்மணி, அதை எடுத்து முகர்ந்து பார்த்து, "அட, பழமெல்லாம் குடுத்து அனுப்புறீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்று உள்ளே கொண்டு போய்விட்டார். திருப்பிக் கேட்க யாருக்கு மனம் வரும்? சாயங்காலம் அது பச்சடியாகி, கிண்ணத்தில் வந்தது.

"பாத்தியா கிழவா, நம்ம அதிர்ஷ்டத்த வெட்டி, வேகவச்சுக் கொண்டாந்துட்டா" என்றாள் உங்கள் தங்கை. அதிர்ஷ்டத்தை மீட்கிறேன் என்று மொத்தக் கிண்ணத்தையும் தானே தின்று தீர்த்தாள். எனக்கு ஒரு துண்டு இல்லை. மிச்ச அதிர்ஷ்டத்தையும் வாங்கத்தானோ என்னவோ, அன்றிலிருந்து தினமும் எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறாள், திரும்பி வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டே வருகிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு குடும்பமே கூடிச் சாப்பிடும் விருந்தை இனி எங்கே வைப்பது என்பதுதான் அவள் துக்கம். "எம் புள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் ஒரே மேசையில உக்காந்து சாப்பிட முடியாத வீடு, வீடா? நான் பொங்கோலுக்கே, பெரியவன் வீட்டுக்கே போயிடறேன்" என்று வந்த முதல் நாளே சொன்னாள். நான் உணவகத்தில் இடம் பதிவு செய்துவிட்டேன். அவளோ மூன்று நாளாக அளக்கும் நாடாவோடு அலைகிறாள். பெட்டி கட்டத்தான் என்று எனக்குச் சந்தேகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் இந்தச் சின்ன வீடு எனக்கு ரொம்பப் பெரிதாகிவிடும். தங்கள் சொல்லுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள். உணவகமே நல்லது, இங்கேயே இரு என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதியதை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

வரும் வருஷம் தங்களுக்கு மூட்டு இளகட்டும், முட்டை பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
செங் ஹாக்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். சின்ன வீட்டில் ஒரு கடிதத்தைக்கூட மறைவாக எழுத முடியாது. உங்கள் தங்கை என் முதுகுக்குப் பின்னால் நின்று முதல் வரியிலிருந்து படித்திருக்கிறாள். "பொங்கோலுக்குப் போறேன்னு சொன்னேன்தான். அது பச்சடி சாப்பிடறதுக்கு முன்னால" என்கிறாள். நாடா வைத்து அளந்தது தாழ்வாரத்தையாம். எங்கள் வீடும் எதிர்வீடும் தாழ்வாரத்தின் கடைசியில் இருப்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பழைய வீட்டைக் காலி செய்தபோது தங்களிடம் கொடுத்தனுப்பிய வட்ட மேசையைப் போட்டால் பாதிப் பேர் எங்கள் வாசலில், பாதிப் பேர் ரொஹாயா வாசலில் உட்காரலாமாம். பன்றிக்கறி சேராத சமையல் பானை அவருக்குத் தனியாக வைப்பதென்றும் பேசி முடித்துவிட்டார்கள். உணவகத்துக்கு நான் இப்போதே போன் போட்டு வேண்டாமென்று சொல்ல வேண்டுமாம்.

ஆகவே மேசையோடு வந்து சேருங்கள். அதன் வட்டப் பலகையைத் தூக்கி வரக் கூடாது, வாசலிலிருந்து தாங்களே உருட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. பலகையும் எதிர்வீட்டுக்கு ஓடிவிட்டால்? அந்தக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"தொறந்தே கெடக்கட்டும் கிழவா. எந்த வீட்டுக்குள்ள போனா என்ன?" என்கிறாள்.