காட்டுமாடு மாடத்தி புரதம் தேடிய கதை

ஒரு காட்டில், மேற்கே மலையும் கிழக்கே கொள்ளுக்காடும் தெரிகிற ஒரு சரிவில், மாடத்தி என்ற காட்டுமாடு தன் கூட்டத்தோடு இருந்தாள். எண்ணூறு கிலோ இருப்பாள் என்று பேச்சு. யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை. அவள் நடந்து வரும்போது மற்றவர்கள் ஒதுங்குகிற வேகத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான்.

அந்த உடம்பு முழுக்கப் புல். விடிந்ததும் பனியோடு புல். வெயில் ஏறினால் மூங்கில் நிழலில் தழை. போகிற வழியில் நெல்லிக்காய் உதிர்ந்து கிடந்தால் அதில் ஒரு வாய். நாவல் பழுக்கும் மாதத்தில் நாக்கு ஊதாவாகும்வரை நாவல்பழம். புதரில் படர்ந்திருக்கும் காட்டவரையைக் கொடியோடு இழுத்து ஒரு மெல்லு. இதற்குள் என்னென்ன சத்து இருக்கிறதென்று அவளும் கேட்டதில்லை, புல்லும் சொன்னதில்லை.

அந்தக் காட்டின் புலி ஆறுமுகநயினார் ஒருநாள் அவளுக்கு நேர் எதிரே வந்துவிட்டார். இரண்டு கணம் பார்த்தார். பிறகு, மரம் பார்க்க வந்தவர்போல இலுப்பையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து போய்விட்டார்.

இப்படி இருந்தவளுக்குத்தான் சுனைக்கரையில் வந்தது வினை.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மாடத்தியிடம் செண்பகவடிவு என்ற புள்ளிமான் கேட்டாள். "மதினி, நீங்க புரதத்துக்கு என்ன பண்றீங்க?"

"விரதமா? நான் விரதமெல்லாம் இருக்கிறதில்ல தாயி. பசி தாங்காது."

மான்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன. "விரதம் இல்ல மதினி, புரதம். சரி, ஆன்டிஆக்ஸிடன்டாவது எடுத்துக்கிறீங்களா?"

மாடத்தி தண்ணீரில் வாயை வைத்தபடியே நின்றாள். குடிக்கவில்லை. வாயை எடுத்தால் பதில் சொல்ல வேண்டுமே.

விஷயம் இதுதான். ஞானசிகாமணி என்ற நரி, அடிவாரத்து ஊரில் ஓர் உடற்பயிற்சிக்கூடத்தின் பின்பக்கக் குப்பைத்தொட்டியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்திருந்தான். போகும்போது அவனை எல்லாரும் 'ஏலே' என்றுதான் கூப்பிட்டார்கள். வரும்போது முன்காலில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற கைப்பட்டை, கழுத்தில் காலியான ஒரு புரோட்டீன் டப்பா. பாறைக்குகை வாசலில் 'நலவாழ்வு மையம்' என்று கரியால் எழுதினான். அன்றிலிருந்து அவன் 'அண்ணாச்சி' ஆனான். அவன், அவர் ஆனார்.

மறுநாள் காலையில் மாடத்தி போய் வரிசையில் நின்றாள். குமாரவேலு என்ற மந்தி தேக்கிலையில் எழுதிய படிவத்தை நீட்டியது. பெயர், எடை, தூக்கம், மன அழுத்தம் உண்டா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று வரிசையாகக் கேள்விகள். கடைசிக் கேள்விக்கு மாடத்தியால் பதில் எழுத முடியவில்லை. எழுத முடியாததில் கொஞ்சம் மன அழுத்தம் வந்தது. அதையே எழுதினாள்.

ஞானசிகாமணி படிவத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "காலையில என்ன சாப்பிடுறீங்க அக்கா?"

"புல்லு."

"மதியம்?"

"புல்லுதான்."

"சாயங்காலம்?"

"மதியம் தின்ன புல்ல அசைபோடுவேன்."

நரி பேனாவாக வைத்திருந்த முள்ளம்பன்றி முள்ளைக் கீழே போட்டார். "தின்னதையே திரும்பத் திங்கிறீங்களா? ஒரே சாப்பாட்ட ரெண்டு தடவ கணக்குல ஏத்துறீங்க! அப்புறம் உடம்பு ஏன் இப்படி ஆகாது?"

"எப்படி ஆயிருக்கு அண்ணாச்சி?" என்று மாடத்தி பயந்துபோய்க் கேட்டாள்.

"உள்ளுக்குள்ள துரு ஏறிக்கிட்டு இருக்கு. இரும்புல காத்துப் பட்டா துரு பிடிக்குதுல்ல? அதே காத்துதான் நம்ம உடம்புக்குள்ளயும் போகுது."

"அப்ப மூச்சு விடக் கூடாதா?"

"விடலாம். அளவா விடணும். புரதம் வேற சுத்தமா இல்ல. புல்லுல புரதம் எங்க இருக்கு?"

எலும்பும் தோலுமாக, கழுத்து டப்பாவின் கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்த நரி, பாறைபோல நின்ற காட்டுமாட்டைப் பார்த்து இதைச் சொன்னார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் மாடத்தியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பட்டியல் எழுதிக் கொடுக்கப்பட்டது. காலையில் ஊறவைத்த வாதாங்கொட்டை ஏழு. மதியம் முளைகட்டிய கொள்ளு ஒரு தேங்காய்ச் சிரட்டை. மூன்று மணிக்கு நாவல்பழம் ஐந்து. சாயங்காலம் நெல்லிக்காய் ஒன்று, முப்பத்திரண்டு முறை மென்று. புல் கூடாது. அசைபோடவே கூடாது.

வீட்டுக்காரன் சுடலை பட்டியலை மேலும் கீழும் பார்த்தான். "ஏட்டி, இது என்ன, கோயிலுக்கு வைக்கிற படையலா?"

"இதான் இனிமே என் சாப்பாடு."

"ஒரு சிரட்டையா? உன் நாக்கு அந்தச் சிரட்டைய விடப் பெருசாச்சே."

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. உள்ள துரு ஏறுது."

சுடலைக்குப் பேச்சைவிடப் புல் முக்கியம். அந்தப் பக்கம் திரும்பி மேய்ந்தான்.

முதல் வாரம் மாடத்திக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நச்சு வெளியேறுகிறது என்றார் அண்ணாச்சி. இரண்டாம் வாரம் சரிவில் ஏறும்போது முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். உடம்பு புதுப் பழக்கத்துக்கு இணங்குகிறது என்றார். அசைபோட முடியாமல் தாடை சும்மா இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம். யாரும் பார்க்காதபோது வெறும்வாயை மென்றாள். மென்ற பிறகு, தப்புப் பண்ணியவள்போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் இடுப்பெலும்பு தெரிந்தது. இரண்டு மாதத்தில் விலாவை எண்ணலாம் என்று ஆனது.

"மதினி! என்ன களை! கன்னுக்குட்டி மாதிரி ஆயிட்டீங்களே!" என்று செண்பகவடிவு சுனைக்கரையில் கூவினாள். மான்கள் சுற்றி நின்று பார்த்தன.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: மாடத்திக்கு அன்று அழுகை வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்த்து எல்லாரும் ஒதுங்கித்தான் போயிருக்கிறார்கள். நெருங்கி வந்து நன்றாக இருக்கிறாய் என்று ஒருத்தர் சொன்னதில்லை. அன்றைக்கு ஏழு வாதாங்கொட்டையில் இரண்டைத் திருப்பி வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் மையத்துக்குப் போகும் வழியில் ஆறுமுகநயினார் எதிரே வந்தார். இந்த முறை இலுப்பையைப் பார்க்கவில்லை.

"இளைச்சிட்டியே மாடத்தி."

"அப்படியா தெரியுது?" அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லாவே தெரியுது. எனக்கும் ஞானசிகாமணிதான் பாக்குறான். ரத்தத்துல கொழுப்பு கூடிருச்சாம். தாவர அடிப்படையில சாப்பிடணும்னு எழுதிக் குடுத்திருக்கான்."

"ரொம்ப நல்லதுங்க. கொள்ளா, பயறா?"

"அதெல்லாம் பல்லுல ஒட்டுது. புல்ல அடிப்படையா வச்சு வளந்தது எதுன்னாலும் சரிதானேன்னு கேட்டேன். என் மூஞ்சியப் பாத்துட்டுச் சரிதான்னு சொல்லிட்டான்."

பழைய மாடத்தியாக இருந்தால் இந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். இவளுக்கு மூளைக்கும் சேர்த்து ஐந்து வாதாங்கொட்டைதான். அவள் யோசித்து முடிப்பதற்குள் புலி பாய்ந்துவிட்டது. தொடையில் நகம் இறங்கியது. முட்டலாம் என்று தலையைத் தாழ்த்தினாள். தாழ்ந்த தலை மறுபடி எழவில்லை. கொம்பு கனத்தது. அப்படியே சரிந்தாள்.

அவள் கத்தினது மூங்கில் காட்டுக்குக் கேட்டது. வாயில் பாதிப் புல் தொங்க, சுடலை வந்தான். வந்தான் என்பதைவிட, சரிவிலிருந்து ஒரு பாறை உருண்டது என்று சொல்லலாம். ஆயிரம் கிலோ. அவன் முட்டிய முட்டில் ஆறுமுகநயினார் ஒரு புதரைத் தாண்டி இன்னொரு புதரில் விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே மறைந்தார்.

சுடலை மனைவியின் காயத்தை நக்கினான். "எந்திரி" என்றான். அவள் எழுந்ததும், நல்ல பசும்புல்லாகப் பார்த்து அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். மாடத்தி தின்றாள். இரண்டு மாதப் பசியையும் அன்று தின்றாள். தின்றுவிட்டுப் படுத்து, கண்ணை மூடி, நிம்மதியாக அசைபோட்டாள். அவள் தாடை அசைவதையே சுடலை பார்த்துக்கொண்டிருந்தான்.

கதை இங்கே முடிந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் மாடத்திக்கு மனது கேட்கவில்லை. தான் பட்டதை மற்றவர்கள் படக் கூடாதே என்று ஒரு வாரம் கழித்து, காயத்தோடு நொண்டிக்கொண்டு மையத்துக்குப் போனாள். வரிசை ஓடைவரை நீண்டிருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஞானசிகாமணி பாறைமேல் ஏறிவிட்டார். "பாருங்க! புலி அடிச்சும் உயிரோட வந்திருக்காங்க! ஏழே நாள்ல புண் ஆறிட்டு வருது! எதனால? ஆன்டிஆக்ஸிடன்ட்!"

வரிசை ஆரவாரம் செய்தது.

"இல்ல, இல்ல" என்றாள் மாடத்தி. "நான் பட்டினி கிடந்து விழுந்தேன். எங்க வீட்டுக்காரரு வந்து முட்டினதால பிழைச்சேன். அவரு வெறும் புல்லுதான் திங்கிறாரு. நீங்களும் பேசாம புல்லத் தின்னுங்க. அவ்வளவுதான் விஷயம்."

செண்பகவடிவுதான் முதலில் பேசினாள். அவளுக்கும் இப்போது இடுப்பெலும்பு தெரிந்தது. "நீங்க மட்டும் மெலிஞ்சு பேர் வாங்கிட்டீங்க. எங்க முறை வரும்போது புல்லத் தின்னச் சொல்றீங்க. இது நல்லா இருக்கா மதினி?"

"ஏளா, புலி வரும்ளா!"

"வரட்டுமே. அவரும் வரிசையிலதான் நிப்பாரு."

அது உண்மைதான். கடைசியில் ஆறுமுகநயினார் நின்றிருந்தார். விலாவில் இலைக்கட்டு. ஞானசிகாமணி பதறிப்போய் அவரை முன்னால் அழைத்தார்.

"ஐயா, பட்டியல்படி சாப்பிட்டீங்களா?"

"தாவரப் புரதம் எனக்கு ஒத்துக்கல" என்றார் புலி. "ரொம்ப முட்டுது."

நரி தாடையைத் தடவிக்கொண்டார். "எடுத்தவுடனே அவ்வளவு பெருசா போகக் கூடாது ஐயா. சின்ன அளவுல ஆரம்பிங்க. ஒரு மான் அளவு."

தங்கள் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டதில் மான்களுக்குப் பெருமை தாங்கவில்லை. செண்பகவடிவு கழுத்தை நீட்டி, முறையாகத்தான் எழுதுகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

எல்லாம் ஒரு நொடிதான். மாடத்தி "ஓடுங்க!" என்று கத்தினாள். ஒருத்தரும் ஓடவில்லை. ஓடினால் இடம் போய்விடும். ஆறுமுகநயினார் வாயில் செண்பகவடிவோடு பாறைக்குப் பின்னால் போனார். மந்தி அவள் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, "அடுத்தது" என்றது.

வரிசை ஓர் இடம் முன்னால் நகர்ந்தது. பின்னால் நின்றவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

மாடத்தி வீட்டுக்கு வந்து நாள் முழுக்க அந்த வரிசையையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் சுடலையை எழுப்பி, மேற்குச் சரிவுப் புல்வெளி ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "எனக்குப் பின்னால நில்லுங்க" என்றாள்.

"முன்னால யாருமே இல்லியே. எதுக்கு நிக்கோம்?"

"பேசாம நில்லுங்க. புல்லுல வாய் வைக்காதீங்க."

சுடலையின் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காலைப்பொழுது வந்ததில்லை. கால் நாழிகை போயிருக்கும். அந்த வழியாக வந்த ஒரு மான் நின்றது.

"இது எதுக்கு வரிசை?"

"உனக்குச் சொல்றதுக்கில்ல தாயி" என்றாள் மாடத்தி. "இடம் குறைவு."

மான் உடனே சுடலைக்குப் பின்னால் நின்றது. அதைப் பார்த்து இன்னொன்று. பிறகு ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம். வெயில் ஏறுவதற்குள் வரிசை மையத்தின் வரிசையைவிட நீளமாகிவிட்டது. மாடத்தி ஒரு தேக்கிலையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே விட்டாள். "பச்சையம் செறிந்த நார்த்தண்டு. வயிறு நிறைய எடுத்துக்கணும். வெளியில யாருக்கும் சொல்லக் கூடாது."

மான்கள் குனிந்து, பயபக்தியோடு புல்லைத் தின்றன. "என்ன ருசி! இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்தாங்க?" என்று ஒரு கிழமான் வாய் நிறையக் கேட்டது. பத்தே நாளில் மான்களின் கால்களுக்குத் துள்ளல் வந்தது. ஆறுமுகநயினார் இரண்டு முறை துரத்திப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தார்.

செண்பகவடிவு இருந்திருந்தால் இந்த வரிசைக்கு முதல் ஆளாக வந்திருப்பாள் என்று மாடத்தி நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

பதினோராம் நாள், ஆள் வராத மையத்தைப் பூட்டிவிட்டு ஞானசிகாமணியே வந்தார். புல்வெளியைப் பார்த்தார். அதில் முளைத்திருப்பது என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு வரிசையைப் பார்த்தார். அதன் நீளத்தைப் பார்த்தார்.

"அக்கா," என்றார் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஓர் இடம் கிடைக்குமா?"

"கடைசியில போய் நில்லுங்க அண்ணாச்சி" என்றாள் மாடத்தி.

போய் நின்றார்.

நீதி: எதைத் தின்ன வேண்டும் என்பது பிறக்கும்போதே எல்லாருக்கும் தெரியும், அதற்கு எங்கே வரிசையில் நிற்க வேண்டும் என்பதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.