தப்பான கட்டத்தில் ஒரு டிக்

"மெரில், இங்க வா. நீ யாருக்கோ நாமம் போட்டிருக்கியாமே, கம்ப்யூட்டர் சொல்லுது!" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள் அவன் மனைவி கோரின்.

மெரில் டாக்கெட் ஒரு காலில் மட்டும் பூட்ஸுடன் நொண்டிக்கொண்டு வந்தான். ஃபோர்ட் கால்டர் ராணுவ முகாமுக்கு வெளியே ஒரு வாடகை வீடு பார்த்திருந்தார்கள். வீட்டுக்காரர் இருவருடைய கிரெடிட் ரிப்போர்ட்டையும் கேட்டிருந்தார். கோரினுடையதில் ஒரு குறையும் இல்லை. மெரிலுடையதில் மூன்று வரிகள் சிவப்பாக இருந்தன. கல்விக் கடன், தொண்ணூறு நாள் பாக்கி.

"அதை ராணுவம் கட்டுதுன்னு சொன்னியே?"

"கட்டுதே! சேரும்போதே எழுதிக் குடுத்தாங்க. ஒரு வருஷம் வேலை பார்த்தா மூணுல ஒரு பங்கு. ரெண்டு பங்கு கட்டியாச்சு, மூணாவது அடுத்த மாசம்."

"அது வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவுல மாசத் தவணையை யாரு கட்டறா?"

மெரிலுக்குச் சட்டென்று உறைத்தது. முதலில் தவணையை ஒத்திவைத்திருந்தார்கள். அந்தச் சலுகை முடிந்துவிட்டது என்று கடன் நிறுவனத்திலிருந்து நாலு கடிதம் வந்தது. நாலையும் மோசடிக்காரன் வேலை என்று கிழித்துப் போட்டான். மோசடி பற்றி முகாமில் நடந்த வகுப்பில் அவன்தான் முதல் மாணவன்.

"போகட்டும், கட்டிட்டாப் போச்சு. எதுக்கு இப்படி வெளிறிப் போறே?" என்றாள் கோரின்.

"உனக்குப் புரியாது. நான் வேலை பார்க்கற அறை..."

"ஆமா, அந்த அறை. மூணு வருஷமா அங்க என்ன பண்றேன்னு எங்கிட்டகூடச் சொன்னதில்ல. முட்டையா அடைகாக்கறே?"

அவன் சிரிக்கவில்லை. அவன் இருந்தது ரேடியோப் பிரிவின் ரகசியக் குறியீட்டு அறை. இரண்டு பூட்டு, ஜன்னல் கிடையாது. அதற்குள் போக ரகசிய அனுமதி வேண்டும். கடனில் மூழ்கியவனை எதிரி சுலபமாக விலைக்கு வாங்கிவிடுவான் என்பது ராணுவத்தின் எண்ணம். அனுமதி போனால் அறை போகும். அறை போனால் வேலை போகும். வேலை போனால் மூன்றாவது பங்கும் போய், மிச்சக் கடனும் வட்டியோடு தலையில் விழும்.

காலை அணிவகுப்புக்கு ஆறு நிமிடம்தான் இருந்தது. ரிப்போர்ட்டின் அடியில் 'ஆட்சேபம் தெரிவிக்க' என்று ஒரு பொத்தான். அழுத்தினான். காரணங்கள் வரிசையாக வந்தன. படிக்க நேரமில்லை. முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, இன்னொரு பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாவது வாரம் ரிப்போர்ட்டில் சிவப்பைக் காணோம். கடனையே காணோம். மெரில் கோரினைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அன்றைக்கு இருவரும் ஓட்டலில் பிரிஸ்கெட் கறி சாப்பிட்டார்கள், அதுவும் இரண்டு தட்டு.

அடுத்த திங்கட்கிழமை சம்பளப் பிரிவிலிருந்து சார்ஜென்ட் ப்ரூவிட் போன் செய்தார்.

"டாக்கெட், உன் மூணாவது பங்குக்கான ஃபாரம் திரும்பி வந்துடுச்சுப்பா."

"ஏன் சார்ஜென்ட்?"

"உன் பேர்ல கடனே இல்லையாம். இல்லாத கடனை ராணுவம் எப்படிப்பா கட்டும்?"

அப்போதுதான் மெரில் அந்த முதல் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று போய்ப் பார்த்தான். 'இது என் கடன் அல்ல. என் பெயரில் வேறு யாரோ வாங்கியது.'

உடனே கடன் நிறுவனத்துக்குப் போன் போட்டான். நாற்பது நிமிடம் போனைப் பிடித்துக்கொண்டு கிடார் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மேடம், அது என் கடன்தான். சத்தியமா என் கடன்."

"அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க."

"கடனைத் தன்னோடதுன்னு யாராவது பொய் சொல்லுவாங்களா?"

"நீங்கதான் மெரில் டாக்கெட்டுன்னு உறுதி பண்ணணும். கல்லூரி ரெண்டாவது வருஷம் எந்தத் தெருவில குடியிருந்தீங்க?"

பயத்தில் அவனுக்கு அம்மா பெயரே நினைவுக்கு வரவில்லை. "எல்ம்... இல்ல, மேப்பிள். ஏதோ ஒரு மரம் மேடம்!"

"தப்பு சார்."

"ஓக்! ஓக் தெரு!"

"மூணும் தப்பு. மெரில் டாக்கெட் மாதிரி நடிச்சு ஒருத்தர் பேச முயற்சி பண்ணினார்னு நான் பதிவு பண்ணிடறேன்."

"அம்மா, தாயே, என் கடனை எனக்குத் திருப்பிக் குடுங்க!" என்று அவன் கத்தியபோது எதிர்முனையில் யாரும் இல்லை.

மறுநாள் முகாம் கடையில் அவன் கார்டு வேலை செய்யவில்லை. பின்னால் வரிசையில் அவன் பிளட்டூனே நின்றது. பாலையும் முட்டையையும் திரும்ப அலமாரியில் வைத்தான். வங்கியில் கேட்டால், "உங்க பேர்ல யாரோ ஒரு திருடன் நடமாடறான் சார். உங்க பாதுகாப்புக்காகத்தான் நிறுத்திவெச்சிருக்கோம்" என்றார்கள். அவனை அவனிடமிருந்து எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கோரின்தான் வழி சொன்னாள். "முகாமிலேயே வக்கீல் இருக்காங்க இல்ல? போய், கடன் உன்னோடதுதான்னு ஒரு சத்தியப் பத்திரம் எழுதிக் குடு."

சட்டப் பிரிவில் லெஃப்டினன்ட் அயோனா பெக் முழுக் கதையையும் கேட்டாள். பேனாவை மூடினாள். திரும்பத் திறந்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா, கடன் என்னோடது இல்லன்னு முன்னாடி பொய் சொன்னதை நீயே ஒத்துக்கறே."

"போடலைன்னா, மேடம்?"

"போடலைன்னா நீ நீயே இல்ல."

மெரில் யோசித்துப் பார்த்தான். ஆளே இல்லாமல் போவதைவிடப் பொய்யனாக இருப்பது மேல் என்று தோன்றியது. அவசரத்தில் கையெழுத்து கோணலாக விழுந்தது.

"அடையாள அட்டையில இருக்கற கையெழுத்து இப்படி இல்லையே?" என்றாள் லெஃப்டினன்ட். அதையும் ஒரு குறிப்பாக எழுதி, நகலைப் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவைத்தாள்.

இரண்டே நாளில் உத்தரவு வந்தது. காலை பத்து மணிக்குப் பாதுகாப்புப் பிரிவில் கேப்டன் லெடூவைப் பார்க்க வேண்டும். குறியீட்டு அறைச் சாவியைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

சாவியைக் கேட்டுவிட்டார்கள். முடிந்தது கதை. அன்று காலை மெரில் இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டான். கோரின் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். வழக்கமாக ஏதாவது கிண்டல் செய்வாள், அன்று செய்யவில்லை.

"எதுவானாலும் உண்மையைச் சொல்லிடு. எங்க அப்பாவோட டயர் கடை இருக்கவே இருக்கு" என்றாள்.

அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதுகாப்புப் பிரிவின் முன்னறையில் மிசஸ் ஓப்பல் விக்கர்ஸ் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடமாக அங்கே கோப்பு பார்க்கிறவள். கேப்டனின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ குறுக்கும் நெடுக்குமாக நடக்கும் சத்தம் கேட்டது.

"உட்காருப்பா. கொஞ்ச நேரமாகும்" என்றாள்.

மெரில் உட்காரவில்லை. சாவியை அவள் மேஜையில் வைத்தான். வைத்ததும் அடக்கிவைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"மேடம், நான் யாரையும் ஏமாத்தல. கடிதத்தைக் கிழிச்சது நான்தான். தப்பான கட்டத்துல டிக் போட்டதும் நான்தான். கடன் என்னோடது, கையெழுத்து என்னோடது, நானும் நான்தான். எந்த எதிரியும் என்னை விலைக்குக் கேட்டதில்ல மேடம். கேட்டாலும் அந்த அறையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன், பெண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல. என்ன தண்டனை வேணாலும் குடுங்க. அந்த ரகசிய அனுமதியை மட்டும் பிடுங்கிடாதீங்க. அது போனா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

மிசஸ் விக்கர்ஸ் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். சாத்திய கதவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பிடுங்கறதுக்கு உனக்கு அனுமதின்னு ஒண்ணு வந்திருந்தாத்தானே தம்பி? உன் விண்ணப்பத்தை மூணு வருஷமா அனுப்பவே மறந்துட்டு, சாவியை மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்த கேப்டன், அது தெரிஞ்சு நீ யார்கிட்டயாவது போய்ச் சொல்லிடுவியோன்னு விடிஞ்சதுலேர்ந்து உள்ள நடுங்கிட்டு இருக்கார்."