குறட்டைக் காசுக்குத் தலை உண்டா?

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் பேனாவை எடுத்தால் உன் மருமகள் மூடியை வாயில் போட்டுக்கொள்கிறாள். நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகமாகத்தான் இருந்தோம், அரசாங்கத்துக்கு நீ வரைந்த புதுக் காசு வெளியே வரும்வரை.

கோபப்படாதே. காசு அழகுதான். ஒரு பக்கம் பூ, மறுபக்கம் சிறகுக்குள் தலையைச் செருகித் தூங்கும் பறவை. நாடு நிம்மதியாக இருக்கிறது என்று காட்டத்தான் அப்படி வரைந்தாய், எனக்குப் புரிகிறது, ஊருக்குப் புரியவில்லையே, என்ன செய்ய? குறட்டைக் காசு என்று பேர் வைத்துவிட்டார்கள். பஸ் கண்டக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்து, உரித்த கோழியெல்லாம் வாங்குவதில்லை, வேறு கொடு என்றார். மருந்துக்கடைக்காரர் சட்டைப் பட்டன் என்று நினைத்துத் தையல்கடைக்குக் கையைக் காட்டினார், தையல்காரர் ஓட்டை இல்லையே என்று திருப்பிக் கொடுத்தார். இதை வரைந்தவன் வேலை நேரத்தில் தூங்கியிருப்பான் என்று வீட்டு ஓனர் சொன்னபோது நானும் சேர்ந்து தலையாட்டினேன். என் அண்ணன் என்று சொன்னால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரே.

மனசைத் தளரவிடாதே. வரலாற்றுப் பாடம் நடத்துகிறவள் சொல்கிறேன், எந்தப் புதுக் காசைத்தான் ஜனங்கள் சும்மா விட்டார்கள்? ஒரு ராஜா வெள்ளிக் காசில் செம்பைக் கலந்தார், தேயத் தேய அவர் மூக்கில் செம்பு எட்டிப் பார்த்தது, செம்புமூக்கன் என்றே பேர் நிலைத்துவிட்டது. இன்னொரு காசில் கடவுள் பேர் விட்டுப்போனதால்தான் காலரா வந்தது என்றுகூடச் சிலர் பழி போட்டார்கள். உன் காசால் இதுவரை வாந்திபேதி இல்லை. குடும்பச் சண்டைதான்.

அதைத்தான் சொல்ல வந்தேன். என் பிரசவ லீவு முடியப்போகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருவர் ஒரு வருஷம் வேலையை விட்டாக வேண்டும், இரண்டு பேருக்கும் மனசில்லை. வாரக்கணக்கில் வாயடித்துக் களைத்துப்போய், சரி, பூவா தலையா போட்டுவிடலாம் என்றார் உன் மாப்பிள்ளை. எவனும் வாங்காததால் வீட்டில் மிச்சம் இருந்தது உன் காசுதான். நான் தலை கேட்டேன், இவர் பூ. சுண்டினால் பறவை விழுந்தது. தலை, நான்தான் வேலைக்குப் போகிறேன் என்றேன். இவர் காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "தலை எங்கம்மா இருக்கு?" என்றார்.

"சிறகுக்குள்ள இருக்கு."

"சரி, சிறகத் தூக்கிக் காட்டு."

அதோடு பேச்சு நின்றது. இப்போது எல்லாமே குழந்தை வழியாக, உங்கப்பாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட கேளு என்று நடக்கிறது, அதற்கோ இன்னும் பேச்சே வரவில்லை. வரைந்தவனே தலை உண்டு என்று கைப்பட எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வாராம். எழுதிக் கொடு அண்ணா, என் வேலை உன் கையில் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. உன் பறவை மாதிரியே நிம்மதியாகத் தூங்கு, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொள்.

உன் தங்கை

பி.கு.: கவரை ஒட்டும் முன் எட்டிப் பார்த்தேன். உன் மருமகள் அவள் அப்பா அக்குளில் முகத்தைப் புதைத்துத் தூங்குகிறாள், தலையே தெரியவில்லை. இவரை எழுப்பி, "அப்ப இவளுக்கும் தலை இல்லையா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். "இருக்கு. நீயே வேலைக்குப் போ" என்று கண்ணை மூடிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன், ஆனால் கவரை ஒட்டாமல் மறுபடி பேனாவை எடுத்துவிட்டேன். நான் வகுப்பில் நிற்கும்போது இவள் இப்படிக் கவிழ்ந்து தூங்கினால், மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்க இந்த மனுஷனுக்குத் தோன்றுமா? மேலே கேட்டது வேண்டாம், அந்தப் பறவைக்குத் தலையே வரையவில்லை என்று எழுதிவிடு அண்ணா. சீக்கிரம் பதில் போடு.