சிபாரிசு அண்ணை வாங்கிக் கொடுத்த லெப்டினன்ட் பதவி

அடுத்தவனுக்காக வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதில் சிபாரிசு அண்ணையை மிஞ்ச, ஜெர்மனியில் கொலோன் நகரம் கட்டப்பட்ட நாளிலிருந்து ஒருத்தர் பிறக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் நாங்கள் ஒரே மாணவர் விடுதியில் இருந்தோம். நான் மதராஸிலிருந்து வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தவன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து எஞ்சினியரிங் படிக்க வந்தவர். எப்போது முடிப்பார் என்று கேட்பதைப் பேராசிரியர்களே நிறுத்தியிருந்தார்கள்.

படிக்க நேரம் எங்கே? டிராமில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட, முன்பின் தெரியாத ஒரு கிரேக்கனுக்காகப் பரிசோதகரிடம் வாதாடி, இரண்டு பேருமாக இறக்கிவிடப்பட்டார்கள். எனக்காக என் பேராசிரியரிடமும் போனார். ஊரில் மாப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, "நல்ல பெடியன், குடி இல்லை, தாய் தகப்பனுக்கு அடங்கினவன்" என்று சொல்லிவிட்டு வந்தார். குடிக்காதவன் ஆய்வகத்தில் ஏன் இவ்வளவு ஆல்கஹால் செலவழிக்கிறான் என்று பேராசிரியர் மறுநாள் என்னைக் கேட்டார்.

அப்போது நைஜீரியாவில் உள்நாட்டுப் போர். பிரிந்துபோன கிழக்குப் பகுதிப் படையின் சார்ஜன்ட் சாமுவேல், குண்டடிபட்ட கைக்கு வைத்தியம் பார்க்க வந்து எங்கள் விடுதியில் தங்கியிருந்தான். அண்ணையின் மிளகாய்க் கறியைக் கண்ணீர் விடாமல் சாப்பிட்ட ஒரே அந்நியன் அவன்தான். அதனாலேயே இருவரும் உயிர் நண்பர்கள். கை குணமானதும் போர்முனைக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அதிகாரியாகத் திரும்ப வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு அவர்கள் படையின் பிரதிநிதியாக ஜெர்மனியில் இருந்த மேஜரின் சம்மதம் தேவை.

"அதுக்கென்ன, நான் கதைக்கிறன்" என்றார் அண்ணை.

மூன்று பேரும் டிராமில் போனோம். சாமுவேல் முன்னால் உட்கார்ந்திருக்க, அண்ணை என் காதில் சொன்னார்: "சார்ஜன்ட் எண்டால் வெடி விழுற இடத்திலை நிக்கவேணும். ஓஃபீசர் எண்டால் மேசை, கதிரை, மேலை ஃபான். எங்கடை ஊரிலை எந்த ஓஃபீசர் வெயிலுக்கை நிண்டவன்? பெடியன் தப்பியிடுவான்."

மேஜர் கறாரான ஆள். "இவன் பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை. முடியாது" என்றார்.

"ஏலாதெண்டு சொல்லாதேங்கோ!" அண்ணை ஆங்கிலத்தில்தான் கத்தினார். யாழ்ப்பாணத்தை விட்டு அசையாத ஆங்கிலம் அது. "படிச்சு நான் என்னத்தைக் கிழிச்சனான்? இவன் சொன்னால் நாலு பேர் கேட்பினம். குடி இல்லை. தாய்க்கு அடங்கினவன். நீங்கள் ஓம் எண்டு சொல்லுமட்டும் நான் எழும்பமாட்டன்!"

எழும்பவும் இல்லை. மேஜர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார். அண்ணை அதே இடத்தில் இருந்தார். மேஜர் பெருமூச்சு விட்டு, "சரி, லெப்டினன்ட். எங்களுக்கும் ஆள் வேண்டும். எங்கள் படையில் அதிகாரிதான் முதலில் முன்னால் போவான், முதலில் விழுபவனும் அவன்தான்" என்றார்.

அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பொறுங்கோ! என்ரை சிபாரிசைத் திருப்பித் தாங்கோ. உவன் சரிவரமாட்டான். முன்கோபக்காரன். ஒரு காதும் கேளாது!"

"அண்ணே, சும்மா இருங்க! சார் ஓகே சொல்லிட்டார்" என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

சாமுவேல் எழுந்தான். கோபத்தோடு அண்ணையின் பக்கம் திரும்பினான். "அதிகாரிதான் முன்னால் போவான் என்று எனக்குத் தெரியும், அண்ணை. என் கீழ் இருந்த பையன்களை இப்போது, காட்டில் வழி தெரியாத எவனோ முன்னால் நின்று கூட்டிப் போகிறான். நேற்று வந்தவன். அதனால்தான் கேட்கிறேன்."

அண்ணை மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். அதை மேஜரிடம் நீட்டி, "ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். எழுதுங்கோ" என்றார்.

சாமுவேல் போனான். போர் முடிந்தது. அவர்கள் பக்கம் தோற்றது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாதங்கள் கழித்து, கொலோனில் இருந்த அவன் நாட்டு மாணவர்கள் ஒரு சிறிய தேவாலயத்தில் போரில் இறந்தவர்களுக்காகப் பிரார்த்தனை வைத்தார்கள். நாங்களும் போனோம். பாதிரியார் பெயர்களைப் படித்துக்கொண்டு வந்து, சாமுவேலின் பெயரைச் சொன்னதும் அண்ணை எழுந்துவிட்டார்.

"ஆர் பார்த்தது? பிரேதத்தை ஆர் கண்டது? அந்தப் பேரை எடுங்கோ!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கிழவி வாயில் விரலை வைத்து உஸ் என்றாள். பாதிரியார் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அண்ணை உட்காரவில்லை. "எடுக்குமட்டும் நான் இருக்கமாட்டன்" என்றார். இந்தமுறை சத்தம் வரவில்லை.

சாமுவேல் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. ஆனாலும் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன். அந்த மனுஷனை அங்கே தனியாக நிற்கவிட எனக்கு மனசு வரவில்லை.