இடைவேளையில் செத்துப்போன தம்பி

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஓனர் குரானாஜியையும் அவர் மனைவியையும் ஒரு தமிழ்ப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பத்திரமாகத் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எழுபதுகளின் கடைசி. கரோல் பாக்கில் குரானாஜி வீட்டு மாடியில் நானும் என் மனைவி லலிதாவும் குடியிருந்தோம். குழாயில் தண்ணீர் ஒழுங்காக வரும். பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம். இரண்டும் சேர்ந்து ஒரே வீட்டில் அமைவது டெல்லியில் பூர்வஜன்மப் புண்ணியம். அந்தப் புண்ணியம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஹோலிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார் குரானாஜி. காரணம் கேட்டேன். சொந்த வீட்டுக்குக் காரணம் வேறு வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார்.

லலிதா ஒரு யோசனை சொன்னாள். ஓனரம்மாவுக்கு மதராஸிப் படத்து டான்ஸ் என்றால் உயிர். கனாட் பிளேஸ் பக்கத்துத் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி தமிழ்ப் படம் போடுவார்கள். இருவரையும் அழைத்துப் போவோம், மனம் குளிர்ந்து வெளியே வரும்போது காபி வாங்கிக் கொடுத்து இன்னும் ஒரு வருஷம் கேட்போம் என்றாள்.

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

எனக்குக் கணக்குத் தணிக்கை ஆபீஸில் உத்தியோகம். அடுத்தவன் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தியைத் தியேட்டர் வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியாது. போன படத்தில், கூழுக்கே வழியில்லாத கதாநாயகிக்குப் பாட்டுக்குப் பாட்டு புதுப் பட்டுப்புடவை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பி, "சார், நீங்கதான் புடவைக்குப் பணம் குடுத்தீங்களா?" என்றார். லலிதா அன்று வீடு வரும்வரை எனக்குப் பத்தடி முன்னால்தான் நடந்தாள்.

"இன்னைக்கு ஒரு குத்தமும் சொல்லக் கூடாது" என்றாள் இப்போது. "அவர் கேட்டா கதையை ஹிந்தியில சொல்லுங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

குற்றம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தைக் கடைசிவரை காப்பாற்றினேன். வந்த வினையே அதுதான்.

நாலு சீட் சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை. முன் வரிசையில் லலிதாவும் ஓனரம்மாவும், பின் வரிசையில் நானும் குரானாஜியும். லலிதா ஊரிலேயே ஹிந்தியில் பிரவீண் பரீட்சை வரை பாஸ் பண்ணி, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவள். ஓனரம்மா கொடுத்து வைத்தவர். குரானாஜிக்கு வாய்த்தது என் ஆபீஸ் ஹிந்தி.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கதாநாயகன் லாரி டிரைவர். கல்யாணம் ஆகிறது. வில்லன் அவன்மேல் கொலைப் பழி போடுகிறான். அவன் தலைமறைவாகிறான். சொல்லிக்கொண்டே வந்தேன். குரானாஜி அச்சா, அச்சா என்று தலையாட்டினார்.

பிறகு கதாநாயகன் வில்லனின் பங்களாவுக்கே மேனேஜராக வந்து சேர்ந்தான். மாறுவேஷத்தில். வேஷம் என்றால் கன்னத்தில் ஒரு மச்சம். வேறொன்றுமில்லை. அதே மீசை, அதே சுருட்டை முடி, அதே தொண்டை. அங்கே சமையல் வேலைக்கு வந்திருந்த அவன் பெண்டாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டாள்.

"இது யாரு?" என்றார் குரானாஜியும்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஏதோ நானே எடுத்த படம் மாதிரி. மச்சம் ஒட்டினால் கட்டிய புருஷனையே தெரியாத ஜனங்கள் என்று இவர் நினைத்துவிட்டால் அப்புறம் நம்மை நம்பி யார் வீடு தருவார்கள்? குற்றம் சொல்லவும் கூடாது. யோசித்தேன். ஓட்டையைச் சொல்லத்தானே கூடாது, அடைக்கலாமே.

"தம்பி" என்றேன். "டிரைவரோட கூடப்பிறந்த தம்பி. அண்ணன் ஜாடை அப்படியே இருக்கும்."

குரானாஜி திருப்தியாகச் சாய்ந்துகொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு கதை எழுதினவனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது.

அடுத்து ஒரு சண்டை. வெள்ளைச் சட்டையோடு கீழே விழுந்தவன் நீலச் சட்டையோடு எழுந்தான். உள்ளே இன்னொரு சட்டை போட்டிருந்தான் என்றேன். அவ்வளவு குளிரா என்று கேட்டார். ஆமாம், ஊட்டி என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, எல்லோரும் கடற்கரையில் ஓடினார்கள். ஊட்டியில் கடல் இருக்கிறதா என்றார். ராத்திரியோடு ராத்திரியாக மதராஸ் வந்துவிட்டார்கள் என்றேன். லாரி டிரைவர் குடும்பம் அல்லவா என்று அவரே ஒத்துக்கொண்டார்.

நல்ல மனுஷர். கொஞ்சம் கை கொடுத்தால் போதும், மீதிப் பாலத்தை அவரே கட்டிக்கொள்வார்.

அப்போது பாட்டு வந்தது. மச்சக்காரனும் கதாநாயகியும் மரத்தைச் சுற்றி ஓடி ஓடிக் கட்டிப்பிடித்தார்கள். குரானாஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராமன்ஜி, கொழுந்தனோடயா? உங்க பக்கம் இப்படியெல்லாம் உண்டா?"

எனக்கு வியர்த்துவிட்டது. கனவு என்றேன். யாருடைய கனவு என்றார். அந்தப் பெண்ணின் கனவு என்றால் அவள் கற்பு போச்சு. தம்பியின் கனவு என்றால் அவன் யோக்கியதை போச்சு.

"வில்லனோட கனவு" என்றேன். "கெட்டவன். கெட்டதாத்தான் கனவு வரும்."

பாட்டு முடியும்வரை அவர் வில்லனைப் பஞ்சாபியில் திட்டிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் பெண்கள் இருவரும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். மச்சத்தை ஒட்டிக்கொண்டு வந்தவன் தன் புருஷன்தான் என்று அந்தப் பேதைக்குத் தெரியவில்லையே என்று உச்சுக் கொட்டினார் ஓனரம்மா. ஒட்டிய மச்சமாவது, அவன் தம்பியல்லவா என்றார் குரானாஜி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் எங்களைப் பார்த்தார்கள். லலிதா என்னைப் பார்த்தாள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

கியூவில் பின்னாலேயே வந்து நின்றாள் லலிதா.

"தம்பியா? அவனை எங்கேயிருந்து கூட்டிண்டு வந்தீங்க?"

"இடைவேளைக்கு அப்புறம் அனுப்பிடறேன்" என்றேன்.

அனுப்பத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன மச்சக்காரன் திரையை விட்டு நகர்ந்தால்தானே! நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே படம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. அங்கே அவன் ஜட்ஜுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து மச்சத்தைப் பிய்த்து எறிந்தான். நான்தான் அந்த லாரி டிரைவர் என்று கர்ஜித்தான். கதாநாயகி மயங்கி விழுந்தாள். தியேட்டரே கைதட்டியது.

குரானாஜி மட்டும் தட்டவில்லை. "இவன் அண்ணன். சரி. தம்பி எங்கே?"

"செத்துட்டான்."

"எப்போ?"

"இடைவேளையில."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனுக்காக அவ்வளவு பாடுபட்ட பிள்ளை, அவனுக்குக் கொள்ளி வைத்ததைக்கூடக் காட்டவில்லையே என்று தழுதழுத்தார். நானும் என் கைக்குட்டையைத் தேடினேன்.

வெளியே வந்து காபியாவது, வீட்டுப் பேச்சாவது. கரோல் பாக் வரை ஃபட்ஃபட்டி என்கிற மோட்டார் ரிக்‌ஷாவில் கணவனும் மனைவியும் இன்ஜின் சத்தத்தை மீறிச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். படத்தில் யாரும் சாகவே இல்லை என்றார் அந்த அம்மா. செத்தவனுக்கு மரியாதை கொடு என்றார் இவர். லலிதா தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஹோலிக்கு முன்னால் எந்தத் தெருவில் வீடு தேட வேண்டியிருக்குமோ என்று நானும் தெருவைத்தான் பார்த்தேன்.

வீடு வந்ததும் எங்கள் இருவரையும் தன் கூடத்துக்குள் கூப்பிட்டார் குரானாஜி. பொய் சொல்லுகிறவனை ஒரு நாள்கூடத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று ஆரம்பித்தார்.

"என் சம்சாரம் சொல்றா, அவன் ஒரே ஆளாம். மச்சம் ஒட்டினதால பெண்டாட்டிக்கு அடையாளம் தெரியலையாம். நான் தாடியை ஒட்டிக்கிட்டு வந்தாலும் இவ என் இருமலை வச்சே கண்டுபிடிப்பா. எந்த ஊர்லயாவது இது நடக்குமா?" பிறகு லலிதா பக்கம் திரும்பினார். "மகளே, நீ சொல்லு. தம்பி இருந்தானா, இல்லையா?"

லலிதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஜுரம் வருகிறது. பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருந்தான் ஜி" என்றாள், வேண்டுமென்றே தட்டுத்தடுமாறி. "எனக்குத்தான் ஹிந்தி சரியா வராது. தப்பாச் சொல்லிட்டேன்."

குரானாஜி மனைவியை ஜெயித்த பார்வை பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாஷை தெரியாத பெண்ணை இந்த ஊரில் எங்கே வீடு தேட விடுவது, பாவம், இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருங்கள் என்றார். அதோடு விட்டாரா? தினமும் சாயங்காலம் கீழே வந்து தன் மனைவியிடம் இரண்டு எழுத்து ஹிந்தி கற்றுக்கொள்ளச் சொன்னார். ஓனரம்மா அப்போதே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அ, ஆவிலிருந்து தொடங்கினார். எங்கள் பிரவீண் டீச்சர் திருப்பிச் சொன்னாள்.

வீடு தங்கிவிட்டது. அந்தக் கோபத்தில் லலிதா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை, தமிழிலும் சரி, ஹிந்தியிலும் சரி.